சுமைக்கு அளவுண்டு! விழிப்புக்கு?

ஏலக்காய் மணக்கிறது. பாயசத்திலே மணக்கிறது, தேநீரிலே மணக்கிறது, கடல் கடந்து சென்று அரபு நாட்டுச் செல்வர் அருந்தும் காப்பியிலேயும் மணக்கிறது. 2019 ஆகஸ்டுத் திங்களில் நடந்த ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு ஏழாயிரம் ரூபாய் வரையில் விலைபோன பண்டம் அல்லவா! 'பச்சைப் பொன்' என்று அதற்குப் பட்டம். மலைமேல் விளைவதை மலையடியில் விலைபேசும் போடிநாயக்கனூருக்கு, 'ஏலக்காய் நகரம்' என்று பட்டம். பொருளுக்கும் பட்டம் உண்டு. ஊருக்கும் பட்டம் உண்டு. இரண்டையும் சுமந்து செல்லும் லாரியை ஓட்டுகிறானே, அவனுக்கு? அவனுக்குப் பட்டம் வேண்டாம். படுத்து உறங்க எட்டு மணி நேரம் உண்டா, இல்லையா? அதைத்தான் கேட்கிறோம்.

கேள்வி சிறிது. ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். ஆகவேதான் விடை வரவில்லை.

போடியிலிருந்து மேற்கே சென்றால் முந்தல். முந்தலைத் தாண்டினால் மலை. அங்கிருந்து போடிமெட்டு சென்று சேருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். தெற்கே, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் பாதை ஒன்று. கூடலூரைக் கடந்து லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறும் பாதை மற்றொன்று. தேனி மாவட்டத்துச் சமவெளியையும் ஏலமலைச் சரிவுகளையும் கோத்து வைத்திருக்கும் மூன்று நூல்கள் இவை. அரிசியும் காய்கறியும் சிமெண்டும் செங்கலும் எருவும் மேலே ஏறுகின்றன. ஏலமும் மிளகும் காப்பிக்கொட்டையும் தேயிலையும் கீழே இறங்குகின்றன. ஏறுவதும் இறங்குவதும் தாமாகவா நடக்கின்றன? தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, மூடுபனியிலே முன்விளக்கின் ஒளியை மட்டும் துணையாகக் கொண்டு, ஒருவன் ஓட்டுகிறான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவிலே அவன்.

அவனுடைய நாள் எப்போது தொடங்குகிறது? நாம் காலையில் எழுந்து காப்பி குடிக்கும் நேரத்திலே என்று எண்ணிவிடாதீர்கள். அவனுக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை. கிடங்கு வாசலில் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. சுமை ஏற்றும் நேரம் இருக்கிறது; மூட்டை சரியாக அடுக்கப்பட்டதா என்று பார்க்காவிட்டால் மூன்றாவது வளைவிலேயே சரக்கு ஒரு பக்கம் சாயும், வண்டியும் சாயும் என்பதால், அந்த நேரத்திலும் அவன் கண்ணயர முடியாது. பிறகு ஓட்டம். பிறகு சாவடி. பிறகு, இறக்கும் இடத்திலே ஆள் வரும்வரை காத்திருப்பு. இவை அனைத்தும் வேலைதான். ஆனால் கணக்கிலே ஏறுவது எது? ஓடிய நடை மட்டும்! 'நடைக்கு இவ்வளவு' என்று கூலி பேசப்பட்ட இடத்திலே, காத்திருந்த ஆறு மணி நேரம் காற்றோடு போயிற்று. வீட்டிலிருந்து அவன் புறப்படும்போதும் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்போதும் உறங்கிக்கொண்டிருக்கிறது. உறங்காதவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

"ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது மலைப்பாதை ஓட்டுவோரின் முதற்பாடம். ஏன்? இறக்கத்தில் வண்டியின் வேகத்தை அடக்க வேண்டியது எஞ்சின். அந்த வேலையை முழுதும் பிரேக்கின் தலையில் சுமத்தினால், பிரேக் டிரம் சூடேறுகிறது. சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறைகிறது. ஒரு கட்டத்தில் மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. இது இயற்கை விதி, தலைவிதி அன்று. இது ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சிலர் நியூட்ரலிலே வண்டியை இறக்குகிறார்களே, ஏன்? டீசல் மிச்சமாகும் என்பதால்! டீசல் கணக்கு ஒத்துவராவிட்டால் படியிலே பிடித்தம் விழும் என்ற அச்சத்தால்! இரண்டு லிட்டர் டீசலுக்கும் ஒரு மனித உயிருக்கும் இடையே அவனைத் துலாக்கோலாக நிறுத்தியவர்கள் யார்? அவர்கள் லாரியிலே இல்லை. அவர்கள் பள்ளத்தில் விழுவதில்லை.

டீசலைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் தூக்கம்.

தூக்கத்தைச் சோம்பல் என்று ஏசும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருக்கிறது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவனின் தடுமாற்றத்துக்கு நிகர் என்று ஆராய்ந்து கூறியிருக்கிறார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் மதுவின் அளவு எவ்வளவு? 30 மில்லிகிராம்! அதற்கு மேல் இருந்தால் குற்றவாளி, அபராதம், சிறை. நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால், ஒரு சொட்டும் குடிக்காதவன், முதல்நாள் காலையிலிருந்து கண் மூடாத காரணத்தால், குடித்தவனைப் போலவே வளைவிலே தடுமாறுகிறானே. அவனைக் குடிக்க வைத்தவன் யார்? தூக்கமின்மை என்னும் மதுவை ஊற்றிக் கொடுத்தவன் யார்? வாயை ஊதச் சொல்லிச் சோதிக்கக் கருவி இருக்கிறது. "கடைசியாக எப்போது தூங்கினாய், தோழா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லையே!

இப்படிச் சொன்னவுடன், "எல்லாம் விதி" என்று ஒரு பெருமூச்சு கேட்கும். விபத்து நடந்த மறுநாள் எந்த ஊரிலும் கேட்கும் பெருமூச்சுதான் அது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்கிறது மைய அரசின் அறிக்கை. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105, மாநிலங்களிலேயே மிகுதி. எழுத்தறிவு மிகுந்த நாடு, சாலை வசதி மிகுந்த நாடு என்று நாம் பெருமை பேசுகிற தமிழகத்துக்கு, விதி மட்டும் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? ஆண்டவன் தமிழகத்தின்மீது தனிக் கோபம் கொண்டிருக்கிறானா?

வண்டியின் முகப்பிலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. மலையேறும் முன் சூடம் கொளுத்தப்படுகிறது. சக்கரத்தின் அடியிலே பழம் நசுங்குகிறது. இதைக் கண்டு லாரித் தோழனை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. பற்றிக்கொள்ள வேறெதுவும் கொடுக்கப்படாதவன், எலுமிச்சம்பழத்தைப் பற்றிக்கொள்கிறான். நம் கோபம் அவன்மீது அன்று. சூடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரை மாற்றக் காசு கொடுக்காதவர்மீது! பூசைக்கு நாள் பார்த்துவிட்டு, ஓய்வுக்கு நாள் பார்க்காதவர்மீது! விபத்து நடந்ததும், 'வேளை வந்துவிட்டது' என்று சொல்லிக் கணக்கை முடிப்பவர்மீது! வேளை வரவில்லை, ஐயா, வேலை முடியவில்லை. அதுதான் காரணம்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பிறந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க விதிகள்! 1988-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டமும், ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு இந்தச் சட்டத்தையே கைகாட்டியது. ஆனால் முதற்பிரிவிலேயே ஒரு முட்டுக்கட்டை: ஐந்து தொழிலாளருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் இந்தச் சட்டம். நம் ஊர்களில் லாரி வைத்திருப்போரில் மிகப் பலர், ஒரு வண்டி அல்லது இரண்டு வண்டி வைத்திருப்போர். ஒரு வண்டிக்கு ஓர் ஓட்டுநர், ஒரு கிளீனர். இரண்டு வண்டியென்றாலும் நால்வர். ஐந்தாம் ஆள் இல்லை. ஆகவே சட்டமும் இல்லை! ஐந்துக்குக் குறைந்த இடத்துக்கும் மாநில அரசு விரும்பினால் சட்டத்தை நீட்டிக்கலாம் என்று ஒரு கதவும் அதிலே இருந்தது.

பழைய வீட்டை இடித்துப் புதிய மாளிகை கட்டுகிறோம் என்றார்கள். 2020-இல் நாடாளுமன்றம், தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதிலே கரைக்கப்பட்டுவிட்டது. புதிய மாளிகையின் வாசல் எப்படி இருக்கிறது? பத்து! பத்துத் தொழிலாளர் இருந்தால்தான் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு அந்தச் சட்டம். ஐந்து பத்தாயிற்று! அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாசலில் நின்றவனுக்கு, வாசற்படியை இன்னும் உயரமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

தலையை எண்ணுகிறார்கள், தோழர்களே! நேரத்தை எண்ணவில்லை. பத்துப்பேர் வேலை செய்யும் நிறுவனத்தின் ஓட்டுநருக்குத்தான் தூக்கம் வருமா? ஒற்றை வண்டி ஓட்டுநருக்கு இமைகள் இரும்பால் ஆனவையா? போடிமெட்டின் வளைவு, "உன் முதலாளிக்கு எத்தனை வண்டி?" என்று கேட்டுவிட்டா வளைகிறது?

வண்டியில் எவ்வளவு பாரம் ஏறலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மிகையானால், 2019 செப்டம்பர் முதல், அபராதம் இருபதாயிரம் ரூபாய். மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம். சரக்குக்கும் காலக்கணக்கு உண்டு. மாநிலம் தாண்டும் சரக்குக்கு 2018 ஏப்ரல் முதல் மின்வழிச் சீட்டு. 2021 சனவரி முதல், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என அந்தச் சீட்டுக்கு ஆயுள் வரையறுத்திருக்கிறார்கள். சுமையை நிறுக்கிறார்கள், சரக்கின் நாளை எண்ணுகிறார்கள். வரிப்பணம் தவறிவிடக் கூடாது என்பதிலே இவ்வளவு விழிப்பு! அந்த வரிப்பணத்தைச் சுமந்து வருகிறவனின் விழிப்பை அளக்க மட்டும் கோல் இல்லை, குறிப்பேடு இல்லை, கருவி இல்லை.

கருவியே உலகில் இல்லையா? இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரு நாள் மட்டும் பத்து. டாக்கோகிராஃப் என்ற கருவி வண்டியிலேயே அமர்ந்து, ஓடிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் பதிவு செய்கிறது. அங்கே அந்தக் கணக்கைக் கேட்பது, "இத்தனை பேர் வேலை செய்கிறார்களா?" என்று பார்த்துவிட்டு அன்று. சக்கரம் சுழல்கிறதா? சட்டமும் உடன் சுழல்கிறது!

இங்கே சக்கரத்தோடு சுழல்வது தண்டனை மட்டும். 2023-இல் இயற்றிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், விபத்துக்குப்பின் தெரிவிக்காமல் சென்றுவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று எழுதினார்கள். 2024 சனவரித் தொடக்கத்தில் வட நாட்டிலே லாரிகள் நின்றன. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. அதன் பின்னரே, கலந்து பேசாமல் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றது அரசு. அந்த ஆண்டு ஜூலை முதல் நாள் புதிய சட்டம் வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடுவது அறம் என்று நாம் வாதிடவில்லை. சாலையில் கிடப்பவனும் நம் உடன்பிறந்தவன்தான். நாம் கேட்பது வேறு. விபத்துக்குப் பின் வரும் பத்தாண்டுகளை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, விபத்துக்கு முன்னிருந்த இருபது மணி நேரத்தை எண்ணத் தெரியாமற் போனது எப்படி?

இது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. இந்த மலை பொருளுக்கு ஒரு பாதையும் மனிதனுக்கு ஒரு பாதையும் போட்ட மலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் சிறு ரயிலில் ஏறி டாப் ஸ்டேஷனுக்கு வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி, தளுக்காக, குலுங்காமல், கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடி வழியே துறைமுகம் நோக்கிச் சென்றன. தேயிலைக்கு ஆகாய வழி! அந்தத் தேயிலையைக் கிள்ளியவருக்கோ, கால்நடை வழி! 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது. ரயில் போயிற்று, எண்ணம் போகவில்லை. பண்டம் குலுங்கக்கூடாது, மனிதன் குலுங்கினால் என்ன என்ற அதே எண்ணந்தான், இன்று லாரியின் இருக்கையில் ஏறி அமர்ந்திருக்கிறது.

1956 நவம்பர் முதல் நாள் எல்லைக்கோடு இட்டார்கள். மேட்டுக்கு இப்பால் தமிழகம், அப்பால் கேரளம். வயிற்றுக்கு எல்லைக்கோடு இடமுடியவில்லை. அப்பாலுள்ள தோட்டங்களுக்கு இப்பாலிருந்து தொழிலாளர் போகின்றனர். அப்பாலுள்ள அடுப்புகளுக்கு இப்பாலிருந்து அரிசி போகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பூசல் மூண்டபோது, குமுளி வழி அடைபட்டது. தோட்டத் தொழிலாளர் உயிருக்கு அஞ்சி மலையிறங்கினர். லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. இரு மாநிலம் பிணங்கினாலும் இடி அவனுக்கு. இணங்கினாலும், "விரைந்து வா" என்ற இடி அவனுக்கு!

எதிர்வாதம் ஒன்று வரும்; வரட்டும். "ஒற்றை லாரிக்காரரும் ஏழைதானே? கடன் வாங்கி வண்டி வாங்கியவர், தவணை கட்டத் தவிப்பவர். இரண்டு ஓட்டுநருக்கு எப்படிக் கூலி கொடுப்பார்?" என்பார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். வண்டியில் பத்து டன் அரிசி என்று வைத்துக்கொள்வோம், பதினாயிரம் கிலோ. இரண்டாவது ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுப்பதாகவே கொள்வோம். கிலோவுக்கு எவ்வளவு கூடும்? இருபது காசு! ஓர் உயிருக்கு, கிலோவுக்கு இருபது காசு கொடுக்க மறுக்கும் சமுதாயமா நாம்? ஒருவர் மட்டும் இரண்டு ஓட்டுநர் வைத்தால் வாடகைப் போட்டியில் தோற்பார்; உண்மை. அதனால்தான் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் வாடகையும் அதற்கேற்பவே அமையும். ஒற்றை லாரிக்காரரும் பிழைப்பார், ஓட்டுகிறவனும் பிழைப்பான்.

"ஓட்டுகிறவனே அதிக நடை கேட்கிறானே!" என்பது அடுத்த வாதம். கேட்கிறான்; ஏன் கேட்கிறான்? நடைக்குத்தான் கூலி என்று வைத்துவிட்டு, நடை கேட்கிறான் என்று குறை கூறுவது, பட்டினி போட்டுவிட்டுப் 'பேராசைக்காரன், சோறு கேட்கிறான்' என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, வேண்டுவது இரங்கல் தீர்மானம் அன்று. விடையுள்ள ஓர் அறிவிப்பு. அதற்குப் புதிய சட்டங்கூடத் தேவையில்லை. அந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலேயே ஒரு சாளரம் இருக்கிறது. அபாயகரமானது, உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது என்று மைய அரசு அறிவிக்கும் தொழிலுக்கு, 'பத்துப் பேர்' என்ற வரம்பு இல்லை என்று அதுவே கூறுகிறது. 17 வளைவுகளிலே, இரவிலே, பனியிலே, சுமையோடு இறங்குவது அபாயம் இல்லையென்றால், அபாயம் என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் எழுதுங்கள்! அபாயம்தான் என்றால், அறிவியுங்கள். சரக்கு லாரி ஓட்டும் தொழில் முழுவதையும், ஒற்றை வண்டியாயினும், அந்தச் சாளரத்தின் வழியே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். தமிழக அரசு அதைக் கேட்கட்டும். கேரள அரசு உடன் நின்று கேட்கட்டும்.

அத்துடன் மூன்று. காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எண்ணி, நடைக் கூலிக்குப் பதில் மாதச் சம்பளம் தர வேண்டும். ஓட்டிய நேரத்தைப் பதியும் கருவி வண்டிதோறும் வேண்டும். அதன் கணக்குப்படி குற்றம் நேர்ந்தால், ஓட்டச் சொன்னவரும் சரக்கு ஏற்றிவிட்டவரும் முதலில் பதில் சொல்ல வேண்டும். முந்தலிலும் லோயர்கேம்பிலும் கம்பத்திலும், மலையேறும் முன் கால் நீட்டிப் படுக்க ஓர் ஓய்வில்லம் வேண்டும். குளிக்க நீரும், வண்டிக்குக் காவலும் அங்கே வேண்டும்.

1886-இல் சிகாகோ நகரத் தொழிலாளி எட்டு மணி நேரம் கேட்டான், குருதி சிந்தினான். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மேதினம் கொண்டாடி, அந்தக் குரலை நம் மண்ணில் ஒலிக்கச் செய்தார். ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி வந்தது. அலுவலகத்தாருக்கு வந்தது. மலைப்பாதையில் மட்டும் இன்னும் ஏறவில்லை. பதினேழு வளைவுகளுக்குக் கீழே, முந்தலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

அதை மேலே ஏற்ற வேண்டிய பொறுப்பு, ஓட்டுகிறவன் ஒருவனுக்கு மட்டும் உரியதா? அவன் கொண்டுவந்த அரிசியை உண்பவர் அனைவருக்கும் உரியது. உங்கள் ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள், உங்கள் தொகுதியின் உறுப்பினரைக் கேளுங்கள், வணிகர் சங்கத்தைக் கேளுங்கள்: "எத்தனை பேர் என்று எண்ணியது போதும், எத்தனை மணி என்று எப்போது எண்ணப் போகிறீர்கள்?" பதில் வரும்வரை கேளுங்கள். அவன் உறங்கவேண்டுமானால், நாம் விழித்திருக்கத்தான் வேண்டும்.